டப்பாவில் மாற்றிப் போட்ட வேஃபர்

மாமியாரின் நாக்கை எதிர்த்து அந்த வீட்டில் யாரும் வாதாட முடியாது. அது அவருடைய உத்தியோகம். பிள்ளைகள் முதல் பல் போனவர்கள் வரை வாங்கித் தின்கிற ஒரு சாக்லேட் வேஃபர் உண்டு; அதைச் செய்யும் தொழிற்சாலையில் ருசி பார்க்கிறவர் அவர். அவர் தலையசைத்தால்தான் சரக்கு பொட்டலத்துக்குப் போகும். இல்லையென்றால் முதலாளியே வந்து நின்றாலும் போகாது.

வீட்டில் மட்டும் சும்மா இருப்பாரா? அடுப்பில் உப்பு ஒரு சிட்டிகை கூடினால் கூடத்தில் இருந்தபடியே சொல்லிவிடுவார். "இவங்க நாக்குக்குப் பயந்துதான் நான் சமையலே கத்துக்கலை" என்பாள் மகள். "நல்ல சாக்கு, சமைக்கத் தெரியாத பொண்ணை என் தலையில கட்டிட்டாங்க" என்பான் மாப்பிள்ளை. அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன், வீட்டோடு மாப்பிள்ளை. மாமியாருக்கு அவன் வைத்த பெயர் நாக்கு மகாராணி. முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவான், அவரும் சிரித்துக்கொள்வார்.

அந்த நாக்குக்குத்தான் கண்பட்டது போல ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போயிற்று, ருசியையும் கூடவே கூட்டிக்கொண்டு போயிற்று. சோறும் சாக்கட்டியும் ஒன்றாக இருந்தன. ருசி திரும்பியதும் வரச்சொல்லித் தொழிற்சாலையில் விடுப்புக் கொடுத்தார்கள். மாமியார் அழவில்லை, புலம்பவில்லை. தினமும் காலையில் வெந்நீரில் வாய் கொப்பளித்துவிட்டு, மேசையில் இருந்த டப்பாவைத் திறந்து தங்கள் தொழிற்சாலை வேஃபர் ஒன்றை எடுப்பார். காதோரம் வைத்து முறிப்பார். அந்தச் சத்தத்தைக் கேட்பார். பிறகு கண்ணை மூடி, மெல்லாமல் நாக்கில் கரைய விடுவார்.

"இன்னிக்குக் கொஞ்சம் பால் தெரியுது" என்றார் ஒரு நாள். பின்னொரு நாள், "வறுத்த வாசனைகூட வந்துடுச்சு" என்று மகளைக் கட்டிக்கொண்டார்.

டப்பா காலியானதும் புதிதாக வாங்கிவரப் போனவன் மாப்பிள்ளை. சூப்பர் மார்க்கெட்டில் அந்த வேஃபருக்குப் பக்கத்திலேயே கடைக்காரர்களின் சொந்தத் தயாரிப்பு உட்கார்ந்திருந்தது. அதே நீளம், அதே சிவப்பு உறை. அண்ணன் தம்பி என்றே சொல்லலாம். சும்மா பார்ப்போமே என்று ஒரு பொட்டலம் வாங்கி, வண்டி நிறுத்துமிடத்திலேயே பிரித்துத் தின்றான். நன்றாகத்தான் இருந்தது. இன்னொன்றும் தின்றான். அவனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

அங்கேதான் குரங்குப் புத்தி எட்டிப் பார்த்தது. மகாராணிக்குத் தெரியுமா, பார்த்துவிடலாமே. கடைச் சரக்கையே டப்பாவில் அடுக்கிவிட்டு, உறைகளைத் தன் கருவிப் பைக்குள் திணித்துக்கொண்டான்.

மறுநாள் காலை மாமியார் முறித்தார், நாக்கில் வைத்தார். கண் மூடியபடியே வெகுநேரம் இருந்தார்.

"எப்படி அத்தை?"

"ம்" என்றார். எழுந்து போய்விட்டார்.

தெரியவில்லை என்றே மாப்பிள்ளை எடுத்துக்கொண்டான். உடனே போட்டு உடைத்திருந்தால் சிரிப்போடு போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மச்சான் வருவான். அவன் முன்னால் சொன்னால்தான் கேலிக்கு ருசி என்று பொத்தி வைத்தான். மாமியார் தினமும் அதே டப்பாவைத் திறந்தார், அதே "ம்" சொன்னார். அவனோ உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு வேலைக்குப் போனான்.

சனிக்கிழமை மதியம் சாப்பிட வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். உள்ளே மாமியார் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"இல்ல சார். திரும்பின மாதிரிதான் இருந்துச்சு. நானும் ஆசைப்பட்டுட்டேன். மறுபடி எல்லாம் மாறித் தெரியுது. பால் இல்ல, வறுவல் இல்ல, சத்தம்கூட வேறயாக் கேக்குது. எனக்கே நம்பிக்கை இல்லாம உக்காந்து தலையாட்டினா, அது தின்கிறவங்களுக்குப் பண்ற துரோகம். நீங்க வேற ஆளைப் போட்டுக்கங்க. திங்கட்கிழமை நேர்ல வந்து சொல்லிட்டுப் போறேன்."

மாப்பிள்ளை உள்ளே போகவில்லை. சாப்பிடவில்லை. நேரே கடைக்கு ஓடி அசல் வேஃபரை வாங்கிவந்து, யாரும் பார்க்காதபோது டப்பாவை மாற்றி நிரப்பினான். நாளைக் காலையில் முறிப்பார், ருசி தெரியும், எல்லாம் சரியாகிவிடும். தன் பெயரும் கெடாது. கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமியார் டப்பா பக்கமே திரும்பவில்லை.

"ஒண்ணு எடுத்துப் பாருங்களேன், அத்தை."

"விடுங்க மாப்பிள்ளை. வெந்த புண்ணுல எதுக்கு?"

"இன்னிக்கு ஒரு நாள்..."

"ஏங்க, அம்மாவைப் படுத்தாதீங்க" என்றாள் மனைவி. "விடிய விடிய தூங்கலை அவங்க."

மாமியார் வேலைக்கு உடுத்தும் வெள்ளை மேலங்கியைத் திருப்பிக் கொடுப்பதற்காகத் தேய்த்துக்கொண்டிருந்தார். காலர் மடிப்பை விரலால் நீவி நீவித் தேய்த்தார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க மாப்பிள்ளையால் முடியவில்லை.

"அத்தை, அது உங்க சரக்கு இல்ல. கடைச் சரக்கு. நான்தான் மாத்தி வச்சேன்."

தேய்ப்புப் பெட்டி நின்றது.

"விளையாட்டுக்குத்தான். மச்சான் வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன். உங்க நாக்குல ஒண்ணுமில்ல, அத்தை. நேத்தே திரும்ப மாத்திட்டேன்."

"நேத்தேவா?" என்றாள் மனைவி. "அப்ப நேத்தே தெரியும். தெரிஞ்சும் வாயைத் திறக்கலை?"

அவன் தேள் கொட்டிய திருடனாக நின்றான்.

மாமியார் தேய்ப்புப் பெட்டியை ஓரமாக வைத்தார். டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்துக் காதோரம் முறித்தார். நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். மூடிய இமைக்குள்ளிருந்து நீர் வழிந்தது; துடைக்கவில்லை.

"முதல் நாளே தெரிஞ்சுது மாப்பிள்ளை" என்றார், கண்ணைத் திறக்காமலே. "இது வேற சரக்குன்னு நாக்கு சொல்லிச்சு. நம்ம வீட்டுல யாரு மாத்தப் போறாங்கன்னு நினைச்சேன். உங்களைச் சந்தேகப்படத் தோணலை. நாக்கைச் சந்தேகப்பட்டேன்."

திட்டியிருக்கலாம். ஒரு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பான்.

மாமியார் உடனே போன் செய்து, திங்கட்கிழமை வேலைக்கு வருவதாகச் சொன்னார். மதியம் மச்சான் வந்தான். "என்ன, வீடு ஊமையா இருக்கு?" என்று அவன்தான் கேட்டுக்கொண்டே இருந்தான்.

திங்கட்கிழமை காலை, மாமியார் கிளம்புகிற அவசரத்தில் இருந்தார். மாப்பிள்ளை தானாகவே போய்த் தேநீர் போட்டுக் கொண்டுவந்து நீட்டினான். அவர் வாங்கினார். உதட்டுக்குக் கொண்டுபோவதற்கு முன் கோப்பையை மூக்கருகே நிறுத்தி, ஒரு கணம் முகர்ந்தார்.

அவன் பார்த்துவிட்டதை அவரும் பார்த்துவிட்டார்.

"பழக்கம் மாப்பிள்ளை, ஒண்ணும் நினைச்சுக்காதீங்க" என்றார், முகம் சிவந்து. பிறகு சூடு ஆறுவதற்குள் அவ்வளவையும் மடமடவென்று குடித்துவிட்டு, நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.

காலிக் கோப்பையைக் கழுவப் போனவன் அடியில் மிச்சமிருந்த ஒரு சொட்டை நக்கிப் பார்த்தான். சர்க்கரை போடவே மறந்திருந்தான்.