கரும்பு அரைக்காத மாதம்

1

பரங்கிப்பேட்டை பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் யாரிடமோ சொன்னாள்: “புள்ள துணியில பாகு வாசன வந்துச்சு, அதான் கண்டுபுடிச்சாங்க.” இந்தக் கதைக்கு விதை அவ்வளவுதான். மீதி நான் கட்டியது.

முதல் தொடக்கம் இது: ‘சிதம்பரத்தில் எலியின் ஈரலில் கொழுப்பு சேரும் விதத்தை ஆராய்ந்துகொண்டிருந்த சகாய பிரியா—’

[நிறுத்திவிட்டேன். எலியில் தொடங்கினால் அவளிடம் வந்து சேர நேரமாகும்.]

2

2004, தை மாதம். நெல்லிக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்ட, சகாய பிரியாவின் தங்கை பாக்கியமேரிக்குத் தலைப்பிள்ளை. ஞானஸ்நானத்தன்று சகாய பிரியாதான் குழந்தையைக் கையில் வாங்கினாள்.

“துணியெல்லாம் பாகு வாசன வீசுதுடி.”

“கரும்பாலை ஓடுதுல்லக்கா? எங்கூட்டுல சோறுகூட இப்புடித்தான் மணக்கும்.”

இருவரும் சிரித்தார்கள். (இந்தச் சிரிப்பை இரண்டு முறை அடித்துப் பார்த்தேன். கதை பொய்யாகிவிட்டது. திரும்ப எழுதினேன்.)

அந்த வாரமே குழந்தை பால் குடிப்பதை நிறுத்தியது. துவண்டது, வெட்டி வெட்டி இழுத்தது, போய்விட்டது. காரணம் யாருக்கும் தெரியவில்லை.

3

2007, ஐப்பசி. அடுத்தது பெண். இதுவும் பால் குடிக்கவில்லை என்று போன் வந்ததும் சகாய பிரியா சிதம்பரத்திலிருந்து ஓடிவந்தாள். வெளியே அடைமழை. குழந்தை நனைத்த துணியை மாற்றக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அதே பாகு வாசனை.

ஆலை ஓடவில்லை. ஐப்பசியில் கரும்பு அரைப்பதில்லை.

புரதத்தில் இருக்கும் மூன்று அமிலங்களை உடைக்கத் தெரியாத உடம்பு; மிஞ்சுவது சிறுநீரில் பாகாக மணக்கும். தாய்ப்பாலே அதற்கு நஞ்சு. வருடாவருடம் மாணவர்களுக்கு வகுப்பில் அவள் ஒரே வாக்கியத்தில் சொல்லிக் கடந்துபோன நோய்.

“மேரி, பால் குடுக்காத.”

“என்னாக்கா சொல்ற? பசியில கெடக்குது!”

“கும்புடுறன்டி, குடுக்காத.” தங்கையின் கணவன் பக்கம் திரும்பினாள். “ஆன்டோ, காரு புடிங்க. மெட்ராஸ் போவணும்.”

ஒரு பிரதியில் குழந்தை வழியிலேயே இறந்தது. துயரக் கதைக்கு அது சுலபமான வழி. கிழித்துப் போட்டேன். குழந்தை பிழைத்தாள். தாமதமாக நடந்தாள், பேச்சு இன்னும் திக்கும். வெளிநாட்டிலிருந்து வரும் தனிப் பால்மாவுதான் அவளுக்கு உணவு.

4

சகாய பிரியா எலிகளை விட்டுவிட்டாள். 2012இல் அவள் கடலூர் ஆஸ்பத்திரிகளில் பிறந்த குழந்தைகளின் குதிகாலில் ஊசி குத்தி, அந்த நோயை முன்பே கண்டறிய ரத்தத்தைத் தாளில் ஒற்றிக்கொண்டிருந்தாள். “பச்சப் புள்ளையக் குத்துறியே, நீயெல்லாம் பொம்பளையா?” என்று ஏசியவர்களும் உண்டு. அவள் ஒரு குழந்தையையும் குத்தாமல் வந்ததில்லை.

5

ஒன்றை விட்டுவிட்டேன். வேண்டுமென்றேதான் விட்டேன். சென்னையில் சோதனை முடிவு வந்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் பாக்கியமேரி கேட்டாள்:

“அக்கா, அப்ப மொதப் புள்ளைக்கும் இதானா?”

ஒரு பிரதியில், “இல்லடி, அது வேற,” என்கிறாள் சகாய பிரியா. தங்கை அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போகிறாள். இன்னொன்றில், “இதான். நான் மோந்து பாத்தன், மேரி. மோந்து பாத்துட்டு—”

அதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

இரண்டையும் வைத்துவிட்டேன். தங்கை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். உங்களிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? உரக்க வேண்டாம், உங்களுக்குள் சொல்லிப் பாருங்கள்.