சாட்சிக் கையெழுத்து

தபால் ஆபீஸ் திறக்க இன்னும் அரை மணி இருந்தது. புத்தாண்டுக் குளிரில் நின்ற கிழங்களின் வரிசையில் பெக்கியும் டார்கஸும் இருந்தார்கள். முப்பது வருஷமாக ஒரே சலவைக்கூடத்தில் கை வெந்தவர்கள். எழுபது தாண்டிய ஏழைகளுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் பென்ஷன் என்று சர்க்கார் அறிவித்து, முதல்முதலாகக் கொடுக்கும் நாள் அது. பென்ஷன் பெக்கிக்குத்தான். எழுதப் படிக்கத் தெரியாத அவளுக்குச் சாட்சி போட டார்கஸ் வந்திருந்தாள்.

"இனிமே திங்கக்கிழமை நான் வேலைக்கு வரலடி. உடம்பு ஒத்துக்கல" என்றாள் பெக்கி.

"அப்போ படுக்கை விரிப்பை யாரோட பிடிச்சு முறுக்குவேன்? சுவத்தோடயா?"

டார்கஸுக்கு வயிறு எரிந்தது. அவள் பெக்கியைவிட நான்கு மாதம் மூத்தவள். போன குளிர்காலத்தில் பெக்கி நெஞ்சுச்சளியில் விழுந்தபோது, ஒற்றை ஆளாக வேலை ஓடாமல் டார்கஸ்தான் வெட்கத்தை விட்டு ஊர் நிவாரண ஆபீசில் ரொட்டி கேட்டாள். ஆறு வாரம் அவள் பெயரில் ரொட்டி வந்தது. வந்ததில் சரிபாதி பெக்கி தின்றாள். போன வருஷம் நிவாரணம் வாங்கியவர்களுக்கு இப்போது பென்ஷன் கிடையாதாம்.

"பாதி ரொட்டி உன் வயித்துக்குத்தானே போச்சு?"

"மெதுவாப் பேசுடி!" பெக்கி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "யார் காதுலயாவது விழுந்தா என்னோடதும் போயிடும்."

போகட்டுமே என்றுதான் டார்கஸுக்குத் தோன்றியது. ஒரு வார்த்தை போதும். கதவு திறந்து, வரிசை நகர்ந்து, கம்பிக்குப் பின்னால் குமாஸ்தாவின் முகம் தெரியும்வரை அந்த வார்த்தை நாக்கிலேயே இருந்தது.

பெக்கி கையெழுத்துக்குப் பதிலாக ஒரு கோணல் சிலுவை போட்டாள்.

"இவங்களை நல்லாத் தெரியுமா?" என்று டார்கஸிடம் கேட்டார் குமாஸ்தா.

பெக்கி மறுபடி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியும்" என்றாள் டார்கஸ். சிலுவைக்குக் கீழே தன் முழுப் பெயரையும் நிறுத்தி எழுதினாள். பெக்கி காசை வாங்கிக் கைக்குட்டையில் முடிந்தாள்.

"எழுத்து முத்து முத்தா இருக்கே!" என்று சிரித்த குமாஸ்தா, கம்பிக்கு அடியில் கையை நீட்டினார். "அடுத்து நீங்கதானே? உங்க பென்ஷன் புத்தகத்தைக் கொடுங்க, பாட்டிம்மா."