குழிக்குள் யாருமில்லை

"குழிக்குள்ள யாரும் இல்ல சார். என் ஆளுங்க எல்லாரும் மேல வந்தாச்சு. நீங்களே எண்ணிப் பாத்துக்கோங்க!"

காண்ட்ராக்டர் ஜெயவேலு வெற்றிலையைக் குதப்பியபடிதான் சொன்னார். ஆனால் அவர் குழிப் பக்கமே திரும்பாமல் பேசியதைப் பஞ்சாயத்து ஓவர்சீயர் ஞானையா கவனித்துவிட்டார்.

தாம்பரத்துக்குத் தெற்கே, ரயில் பாதையை ஒட்டி டவுன் பஞ்சாயத்துக்காகத் தோண்டிய வடிகால் அது. அறுபத்தொன்பதாம் வருஷத்து ஐப்பசி மழை இரவெல்லாம் கொட்டியிருந்தது. காலையில் ஒரு பக்கக் கரை, கண்ணுக்கெட்டிய தூரம் வரை அப்படியே சரிந்து குழியை மூடிவிட்டது.

தூக்குப் பாத்திரத்துடன் ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"எங்க வூட்டுக்காரர் எங்கண்ணா? குப்பன்னு பேரு."

"குப்பனா? அப்படி ஒருத்தன் என் ஆளே கெடையாது. வேற எங்கனா போய்ப் பாரும்மா," என்றார் ஜெயவேலு.

"இன்னா இப்படிச் சொல்றே? ஏசுபாதம் மேஸ்திரிதான் விடியகாலம் இட்டாந்தாரு. இந்தப் பள்ளத்துலதான் வேலைன்னாரு!"

ஞானையாவுக்குப் புரிந்துவிட்டது. உள்குத்தகை! பஞ்சாயத்துக்குத் தெரியாமல் வேலையில் ஒரு பகுதியை ஜெயவேலு மேஸ்திரியிடம் தள்ளிவிட்டிருக்கிறார். வெளியே தெரிந்தால் காண்ட்ராக்ட் ரத்து. அதனால்தான் குப்பன் யாருடைய ஆளும் இல்லை. மேஸ்திரியோ எப்போதோ ஓடிவிட்டிருந்தான். இவ்வளவு நீளத்தில் எங்கே என்று தோண்டுவது?

ஜெயவேலுவின் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"எந்த இடம்யா?"

"எனக்கு இன்னா சார் தெரியும்..."

"காண்ட்ராக்ட் போகாது. கர்த்தர் மேல ஆணையா சொல்றேன், போகாது. இடத்தைக் காட்டு!"

ஞானையா இப்படிக் கர்த்தர் பேரில் சத்தியம் செய்து அங்கே யாரும் கேட்டதில்லை. ஜெயவேலு ஒரு விநாடி அவர் கண்ணையே பார்த்தார். பிறகு விரல் நீண்டது.

"அந்தப் பனைமரத்துக்கு நேரா."

மண்வெட்டி பட்டுவிடுமோ என்று கையாலேயே பறித்தார்கள். ஞானையாவும் இறங்கினார். முதலில் ஒரு முண்டாசு. அப்புறம் தோள். மூச்சு நின்றிருந்தது, உடம்பில் சூடு மட்டும் இன்னும் போகவில்லை.

"கொஞ்சம் முன்னாடி தோண்டியிருந்தா..." என்று யாரோ ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார்.

தையல்நாயகி, அதுதான் அந்தப் பெண்ணின் பெயர், அழவில்லை. புருஷன் காதில் அடைத்திருந்த மண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஜெயவேலு மெல்ல நெருங்கினார். "பாவம்தான் சார். ஆனா அந்த விஷயம்... கர்த்தர் மேல ஆணையிட்டீங்களே?"

"இட்டேன். அவருக்கு நான் பதில் சொல்லிக்கறேன்." ஞானையா சேற்றுக் கையை வேட்டியில் துடைத்தார். "ரத்துக்கு இப்பவே எழுதப் போறேன். போலீஸ் வந்ததும், இவர் யார் ஆளுன்னு நீ உன் வாயால சொல்லப் போறே. இந்தம்மா காது கேட்க."