பதினேழாம் எண் வண்டி

எங்கள் டிப்போவில் பதினேழாம் எண் பேருந்து கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன்பே அதை உடைத்து இரும்புக்குப் போட்டாயிற்று. ஆனால் அச்சடித்த டூட்டி தாளில் அந்த வரிசை இன்னும் இருக்கிறது. வீணாக்குவானேன் என்று, வண்டி கிடைக்காமல் பெஞ்சில் காத்திருக்கும் ஓட்டுநர்களின் பெயரை அதில் எழுதிவிடுவேன். "இன்னிக்கு நான் பதினேழு" என்றால் வண்டி கழுவுகிறவருக்குக்கூடப் புரியும்.

துணை மேலாளருக்குப் புரியாது. பதினோரு வருஷமாக நான் பென்சிலில் போட்ட தாளின் மேலேயே பேனாவை ஓட்டி, தன் கையெழுத்தைப் போடுகிற மகானுபாவர் அவர். எதைக் கேட்டாலும் 'ஆகட்டும்' என்பார். அதுவே பட்டப்பெயரும் ஆனது.

மேலாளர் பதவி காலியானது. என்னைப் போன்ற குமாஸ்தா விண்ணப்பித்தால் இருக்கிற நிரந்தர வேலையை வேண்டாமென்று எழுதிக்கொடுத்துவிட வேண்டுமாம். கிடைக்காவிட்டால் வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான். துணை மேலாளர் மட்டும் எதையும் விட வேண்டாம். ரொம்ப நல்ல நியாயம்! எழுதிக்கொடுத்தேன்.

நாத்தனார் போன் செய்தாள். "இருக்கற வேலையையும் தொலைச்சுட்டு நிக்கப்போறீங்க அண்ணி. எங்க அண்ணன் பாவம் இல்லையா?"

"பாவம்தான். எழுதிக்குடுத்தது நான், சோறு இறங்காதது அவருக்கு."

போனை வைத்தபின் எனக்கும் சோறு இறங்கவில்லை. பொய் சொல்வானேன்.

தேர்வு அறையில் எங்கள் இருவருக்கும் எதிரே மூன்று அதிகாரிகள். ஒரு நாளைக்கான டூட்டி தாளை எழுதி விளக்கச் சொன்னார்கள். ஆகட்டும் சார் என்னுடைய போன வாரத் தாளை மனப்பாடமாக எழுதினார். பதினேழு உட்பட.

"பதினேழு எங்க போகுது?" என்று கேட்டார் மூத்த பொறியாளர்.

"ஆஸ்பத்திரி ரூட் சார். அருமையான வண்டி. காலையில நானே ஏறிப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

"இன்னிக்குக் காலையிலயா?"

"ஆமா சார். இன்ஜின் கும்முனு இருக்கு."

அந்த வண்டியை உடைக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவரே அந்தப் பொறியாளர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, ஆகட்டும் சாரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, என் தாளைப் படித்து என்னிடம் திரும்பினார்.

"சரிம்மா, மேலாளர் வேலையை ஆறு மாசம் தற்காலிகமா பாருங்க. அப்புறம் யோசிக்கலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இல்லாத வண்டியில் ஏறிப் பார்த்தவர் நிரந்தரம், எனக்கு மட்டும் தற்காலிகமா?

"என் வேலையைத் தற்காலிகமாவா எழுதி வாங்கினீங்க சார்? நிரந்தரம்னு போட்டுக் குடுங்க. இல்லேன்னா அவரையே வச்சுக்கோங்க. பதினேழை ஓட்டட்டும்."

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கடைசியில் பொறியாளர் பேனாவைத் திறந்தார்.

மறுநாள் மேலாளர் மேஜையில் நான். ஆகட்டும் சார் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தார்.

"வாழ்த்துக்கள் மேடம். எனக்கு இன்னிக்கு என்ன வேலை?"

"பதினேழு."

"ஆகட்டும்" என்று வண்டியைத் தேடி ஷெட்டுக்குப் போனார். பெஞ்சில் இருந்த ஓட்டுநர்கள் அவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள்.