அன்றைக்கு இறங்காத கொடி

கப்பல் துறைமுக வாய் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. நான் கொடிமேட்டு அறையில் உட்கார்ந்து மாற்றுக் கொடியின் ஓரத்தை இரட்டையாக மடித்துத் தைத்துக்கொண்டிருந்தேன். கடல்காற்றில் கொடி எப்போதும் ஓரத்திலிருந்துதான் கிழியும்; நடுவில் ஒரு நூல்கூடப் போகாது. ஜன்னலோரம் பைனாகுலரோடு நின்ற என் வீட்டுக்காரர் கப்பலின் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இறக்கலை" என்றார்.

யார் எதை இறக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. இப்போதைய சட்டம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கடலுக்கு அந்தப் பக்கமுள்ள பெரிய நாட்டுக் கப்பல் எதுவானாலும் எங்கள் துறைமுகத்துக்குள் நுழையுமுன் தன் கொடியை ஒரு தரம் இறக்கி ஏற்ற வேண்டும். இறக்கினால் இங்கிருந்து பச்சை விளக்கு காட்டுவோம். வழிகாட்டிப் படகு போய் அழைத்து வரும். இறக்காவிட்டால் சிவப்பு, வந்த வழியே திரும்பிப் போக வேண்டியதுதான். இன்று வந்து நிற்கும் அந்தக் கப்பலில் எங்கள் மகள் இருந்தாள்.

முன்பெல்லாம் இது தலைகீழாக இருந்தது. அவர்கள் கப்பல் தொலைவில் தெரிந்ததுமே நாங்கள்தான் எங்கள் கொடியை இறக்க வேண்டும். இறக்காத துறைக்குள் அவர்கள் கப்பல் நுழையாது. அவர்கள் சங்கு ஊதினால்தான் திரும்ப ஏற்றலாம். சில கப்டன்கள் வேண்டுமென்றே ஊதாமல் சாப்பிடப் போய்விடுவார்கள். என் வீட்டுக்காரர் வெயிலில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கல்யாணமாகி நான் இந்த மேட்டுக்கு வந்தபோது அவருக்கு அதுதான் உத்தியோகம். ஊரில் அவருக்குக் 'குனிஞ்சான்' என்று பட்டப்பெயர். டீக்கடையில் அவர் தரையில் விழுந்த பீடியை எடுக்கக் குனிந்தால்கூட, கப்பல் வருதாப்பா என்று எவனாவது கேட்பான். அவரும் சிரித்துவைப்பார். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், சாப்பிடமாட்டார்.

மகளை அந்த நாட்டில்தான் கட்டிக்கொடுத்தோம். பெரிய இடம், பெரிய ஊர் என்று நானும் பெருமையடித்துக்கொண்டேன். மாப்பிள்ளைக்குக் கை நீளம் என்பது பிறகுதான் தெரிந்தது. திருட்டுக் கை இல்லை, அடிக்கிற கை. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள் ஃபோனில், "அம்மா, நான் கிளம்பி வரேன். வந்தா திரும்பிப் போகமாட்டேன்" என்றாள். எந்தக் கப்பல் என்றும் சொன்னாள். அவரிடம் சொன்னேன். அவர் கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அந்தக் கப்பல் வந்த காலையில்தான் துறைமுக அதிகாரி மூச்சிரைக்க மேடேறி வந்தார். ஒவ்வொரு பேச்சுக்கு முன்பும் தொண்டையைக் கனைப்பவர் என்பதால் எங்களுக்குள் அவர் பெயர் கனைப்பு. கனைத்துவிட்டு, சபையில் முடிவாகிவிட்டது, இன்று நம் கொடி இறங்கக் கூடாது என்றார். சபை என்றால் வேறு யாருமில்லை, உப்பு வியாபாரியும் மரக்கடைக்காரரும் இன்னும் நாலு பேரும்தான். நான் இருவர் முன்னாலும் சொன்னேன், கப்பலுக்குள்ளே எங்கள் பெண் இருக்கிறாள், இறக்குங்கள் என்று. கனைப்பு தரையைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் கயிற்றைக் கம்பத்தில் இன்னொரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். அவ்வளவுதான்.

கப்பல் மத்தியானம் வரை நின்றது. பிறகு திரும்பியது. கப்பல் திரும்பும்போது முதலில் விலா தெரியும். அதுவரை மூக்கு மட்டும் தெரிந்துகொண்டிருந்தது மெல்ல அகன்று, ஜன்னல் ஜன்னலாக ஒரு பக்கம் முழுவதும் கண்ணுக்கு வரும். அந்த ஜன்னல்களில் எதில் அவள் நின்றாள் என்று நான் தேடிக்கொண்டிருக்கும்போதே முதுகைக் காட்டிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பட்டினி கிடந்து காலில் விழுவார்கள் என்று நினைத்து அந்த நாடு தன் கப்பல்களை நிறுத்திக்கொண்டது. ஆனால் அந்தக் கடல்வழியில் ஆழமான துறையும் குடிக்கத் தண்ணீரும் எங்களிடம் மட்டும்தான் இருந்தன. அதுவரை அவர்களுக்குப் பயந்து ஒதுங்கிப் போன மற்ற நாட்டுக் கப்பல்களெல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. வந்தவர்களிடம் வரி வாங்கினோம். வரியில் கப்பல் கட்டினோம். கப்பலைக் காக்கப் பீரங்கிப் படகு கட்டினோம். இன்று அவர்கள் நாட்டுக்குக் கோதுமை போக வேண்டுமானால் எங்கள் வாசல் வழியாகத்தான் போக வேண்டும். புத்தகத்தில் என் வீட்டுக்காரர் படமும் போட்டிருக்கிறார்கள். விறைப்பான சீருடை, இவருக்கு எந்த ஜென்மத்திலும் இருந்திராத மீசை. அன்றைக்கு அவர் போட்டிருந்தது தோளில் ஓட்டை விழுந்த பனியன். தைக்கக் கொடுங்கள் என்று நான் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்த பனியன்.

நான் பல நாள் தையல் மிஷினை மிதித்துக்கொண்டே வேறொரு சரித்திரம் எழுதிப் பார்ப்பேன். அன்றைக்குக் கொடி இறங்கியிருந்தால்? பெரிய ஆஸ்பத்திரி வந்திருக்காது. மேட்டுக்குத் தார்ச்சாலை வந்திருக்காது, விளக்கேற்ற மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு இன்னும் ஏறிக்கொண்டிருப்பேன். இவர் குனிஞ்சானாகவே செத்துப்போவார். அவள் என் அடுக்களையில் உட்கார்ந்து தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பாள். அந்தச் சரித்திரத்தில் எங்கள் நாடு ஒரு புள்ளிகூட இல்லை. எனக்கு அது போதும். ஆஸ்பத்திரியில் பிழைத்துவந்தவர்கள் எதிரே நின்று இதைச் சொல்ல எனக்கு வாய் வராது, அது வேறு விஷயம்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் பயணிகள் கப்பலே கிடையாது. எப்போதாவது ஃபோன் கிடைக்கும். என்ன சமையல் என்று கேட்பாள். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்பாள். அவர் பக்கத்திலேயே நிற்பார். ஃபோனை நீட்டினால் கையை ஆட்டி மறுத்துவிடுவார். போன வருஷம் அந்தப் படுபாவி மாப்பிள்ளை வேறொருத்தியோடு போய்விட்டான். அதே சமயம் இரண்டு நாட்டுக்கும் உடன்படிக்கையும் ஆனது. முதல் பயணிகள் கப்பலிலேயே மகள் ஏறிவிட்டாள்.

அந்தக் கப்பல்தான் இப்போது துறைமுக வாயில் நிற்கிறது. கப்டன் ரோஷக்காரனாம், யாருக்கும் கொடி இறக்கிப் பழக்கமில்லையாம், படகுக்காரன் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

ஃபோன் அடித்தது. கனைப்பு இப்போது கடல்துறைக்கே தலைவர். பதவி மாறினாலும் தொண்டை மாறவில்லை. அறை முழுக்கக் கேட்டது: இன்னும் கொஞ்சம் பாருங்கள், இறங்காவிட்டால் சிவப்பைப் போட்டு அனுப்பிவிடுங்கள், நாட்டு மானம். இவர் "சரிங்க" என்று வைத்துவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஊசி விரலில் ஏறியது. வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு சொன்னேன்:

"அன்னைக்கு உங்ககிட்ட கேட்டேன். இன்னைக்குக் கேக்கமாட்டேன்."

அவர் பைனாகுலரை மேசைமேல் வைத்தார். வெளியே போகவில்லை, உட்காரவும் இல்லை. கொஞ்ச நேரம் அதன் வாரைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தார்.

"எல்லாரும் ஊருக்காகன்னு சொல்றாங்க" என்றார். "நானும் சரின்னு கேட்டுக்கிட்டேன். ஊருக்காக இல்ல. டீக்கடையில சிரிப்பானுங்களேன்னுதான் முடிச்சுப் போட்டேன்."

"தெரியும்" என்றேன்.

"தெரியுமா?"

"உங்களோடதானே குடித்தனம் பண்றேன்."

அவர் வெளியே போனார். நான் தலை நிமிரவில்லை. ஆனால் கொடிக்கம்பத்துக் கப்பியின் கிரீச் கேட்டது. காலையில் ஏற்றும்போது ஒரு தரம், இருட்டுமுன் இறக்கும்போது ஒரு தரம், அவ்வளவுதான் அது சத்தம் போடும். வெயில் உச்சியில் அந்தச் சத்தத்தைக் கேட்டு வருஷக்கணக்காகிவிட்டது. கையிலிருந்த துணி நழுவ, எழுந்து வாசலுக்கு ஓடினேன்.

எங்கள் கொடி இறங்கிக்கொண்டிருந்தது. சட்டம் வந்த பிறகு ஒரு கப்பலுக்காக இறங்குவது இதுதான் முதல் தரம். பழைய நாட்களில் இறக்கியது மாதிரியேதான், அவசரமில்லாமல், ஒரு கை விட்டு ஒரு கை. கீழே வந்ததும் தரையில் படாமல் நான் அள்ளி அக்குளில் இடுக்கிக்கொண்டேன். ஓரம் நைந்திருந்தது.

"கப்பலுக்கு இறக்குறது மறந்திருக்கும்னு நெனச்சேன்" என்றார், தன் கையைப் பார்த்துக்கொண்டு.

"வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க. புத்தகத்துலேருந்தும்."

"மீசையோட போகட்டும்."

நாங்கள் கடலைப் பார்த்து நின்றோம். வெறும் கம்பத்தில் கயிறு மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. கப்பலில் ஒன்றும் அசையவில்லை. நான் மனசுக்குள் அந்தக் கப்டனைப் பெற்றவளில் தொடங்கி வைதுகொண்டிருந்தேன். அப்போது சங்கு ஊதியது. ஒரே ஒரு தரம், பழைய வழக்கப்படி. ஊதியதும் மேல்தளத்தில் யாரோ ஓடினார்கள். அவர்கள் கொடியும் ஆடி ஆடிக் கீழே வந்தது. பாதி வரை நான் பார்த்தேன்.

"போய்ப் பச்சையப் போடு" என்றார்.

உள்ளே ஃபோன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அதைத் தாண்டிப் போய் விசையை அழுத்தினேன். விளக்கு எரிந்தது; கீழே படகுக்காரன் கயிற்றை அவிழ்க்கிற சத்தம் கேட்டது. மேசையிலிருந்த பைனாகுலரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கொடி இன்னும் என் அக்குளில்தான் இருந்தது. கண்ணில் நீர் முட்டியதால் முதலில் எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தேன்.

கப்பல் அசைந்துவிட்டது. எங்கே விலா தெரிந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். தெரியவில்லை. மூக்கு மட்டும்தான் தெரிந்தது. அது பெரிதாகிக்கொண்டே இருந்தது.