இரண்டு பிடி வைத்த கோப்பைகள்

ஏப்ரல் மாதத்து முதல் வியாழக்கிழமை லவீனியா வீட்டில் மதியச் சாப்பாடு. யூஃபாலா என்கிற அந்தச் சின்ன அமெரிக்க ஊரில் அவளுக்கும் அவளுடைய தோழிகளுக்கும் இது முப்பது வருஷத்து ஏற்பாடு. முதலில் நான்கு பேராக இருந்தார்கள். ஒருத்தி மகனோடு ஃப்ளாரிடாவுக்குப் போனபின் மூன்று பேர்: லவீனியா, ஓபல், கொரீன். மே மாதம் கொரீன் வீடு, அக்டோபர் ஓபல் வீடு. ஆனால் வசந்தகாலத்துச் சாப்பாடு என்றால் அது லவீனியாவினுடையதுதான்.

மார்ச் கடைசியில் அஸேலியா பூத்துத் தெருவே இளஞ்சிவப்பாகிப்போனால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. மேசைமேல் ஒரு விரிப்பைப் போடுவாள், எடுப்பாள், வேறொன்றைப் போடுவாள். நாப்கினை விசிறியாக மடிப்பாள், பிடிக்காமல் பிரிப்பாள். நடுவில் வைக்கும் பூ எதிரில் உட்காருகிறவரின் முகத்தை மறைக்கக்கூடாது என்பதால், நாற்காலி நாற்காலியாக மாறி உட்கார்ந்து பார்ப்பாள். அந்த வாரம் முழுவதும் அவள் கணவர் ஹோலிஸ் சமையலறையில் நின்றபடிதான் சாப்பிடுவார். சாப்பாட்டு அறைக்குள் அவர் கால் வைக்கக்கூடாது. ஒரு தடவை மடித்துவைத்த நாப்கினில் அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டார். அதை அவள் இன்னும் மறக்கவில்லை.

பீங்கான் எல்லாம் கல்யாணத்துக்கு வந்தவை. விளிம்பில் ஊதாநிறச் சின்னப் பூக்களும் மெல்லிய தங்கக் கோடும் ஓடும். அந்தக் காலத்தில் மணப்பெண் தனக்குப் பிடித்த பூவேலையைக் கடையில் சொல்லிவைத்துவிடுவாள். ஒருவர் தட்டு, ஒருவர் கிண்ணம் என்று ஊரார் ஆளுக்கொன்றாக வாங்கித் தந்து செட்டைச் சேர்த்துவிடுவார்கள். அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்த கொரீன் ஒரு கோப்பையும் சாஸரும் கொடுத்தாள். செட்டின் பன்னிரண்டு கோப்பைகளில் அவள் கொடுத்தது எது என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது.

அந்தக் கொரீன் இரண்டு வருஷமாக ஏப்ரல் சாப்பாட்டுக்கு வரவில்லை. முதல் வருஷம் தொண்டை கட்டிவிட்டது என்றாள். அடுத்த வருஷம் பேரனுக்குப் பேஸ்பால் ஆட்டம் என்றாள். மே மாதச் சாப்பாட்டையும் வீட்டில் வண்ணம் அடிக்கிறார்கள் என்று தள்ளிப்போட்டாள், பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அக்டோபரில் ஓபல் வீட்டுக்கும் வரவில்லை. இந்த வருஷம் லவீனியா போன் செய்து 'ஏப்ரல்' என்று ஆரம்பித்ததுமே, குழாய் ரிப்பேர்க்காரர் அன்றைக்குத்தான் வருகிறார் என்று சொல்லிவிட்டாள். லவீனியாவுக்கு மனசு கனத்துப்போயிற்று. என்ன தப்பாகப் பேசினோம், எதில் குறை வைத்தோம் என்று யோசித்து யோசித்துப் பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் விஷயம் தெரிந்தது. திருவிருந்துக்குத் திராட்சைரசம் ஊற்றிய குட்டிக் குட்டிக் கிண்ணங்கள் தட்டில் கைமாறிக்கொண்டு வந்தன. இரண்டு வரிசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கொரீன், ஒன்றைக்கூட எடுக்காமல் தட்டை அப்படியே பக்கத்தில் தள்ளினாள். தள்ளும்போது கிண்ணங்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுவென்று சத்தம் போட்டன.

ஆராதனை முடிந்ததும் கார் நிறுத்துமிடத்தில் லவீனியா அவளைப் பிடித்துக்கொண்டாள். கொரீன் மறைக்கவில்லை. பெரிய வியாதி எதுவும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கையை மடியில் வைத்திருந்தால் ஒன்றும் தெரியாது, எதையாவது தூக்கினால்தான் நடுக்கம். கரண்டி, கோப்பை என்றால் ரொம்பவே ஆடுகிறதாம்.

"அதுக்காகவா வராம இருக்கே?" என்றாள் லவீனியா.

"உன் பீங்கானை உடைச்ச பாவம் எனக்கு எதுக்கு?" என்று கொரீன் சிரித்தாள்.

குழாய் ரிப்பேர்க்காரரை வெள்ளிக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லி லவீனியா விடாமல் நின்றாள். கடைசியில் கொரீன் அரைமனதோடு சரி என்றாள்.

அந்த நிமிஷத்திலிருந்து லவீனியாவுக்கு வேறு நினைப்பே இல்லை. கொரீனுக்குச் சிரமம் இருக்கக்கூடாது, சிரமம் இல்லாதபடி செய்திருக்கிறோம் என்பதும் அவளுக்குத் தெரியக்கூடாது. பாரமான, குட்டையான கண்ணாடி டம்ளர்களை எடுத்துவைத்தாள். காப்பியே வேண்டாம், ஐஸ் டீ போதும் என்று முடிவு செய்தாள். பட்டாணி கிடையாது, உருண்டு ஓடும். சாலட்டும் கிடையாது. கோழிக்கறியை மசித்துக் குட்டி சாண்ட்விச், பாதியாக வெட்டி மசாலா வைத்த முட்டை, சீஸ் குச்சி, எலுமிச்சைக் கேக் துண்டு, எல்லாமே கையால் எடுத்துச் சாப்பிடுகிற பண்டம். வெள்ளரிக்காய் சூப்பை மட்டும் விட மனசு வரவில்லை. அதற்குத்தான் இரண்டு பக்கமும் பிடி வைத்த கோப்பைகள் வேண்டியிருந்தன. பழைய பெரிய வீடுகளில் சூப் குடிக்க வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கலாம், யாருக்கும் வித்தியாசமாகத் தோன்றாது. மாமியார் வழியில் வந்தவை இரண்டு இருந்தன. கொரீனுக்கு மட்டும் கொடுத்தால் குட்டு உடைந்துவிடும், மூன்று பேருக்கும் ஒரே மாதிரி வேண்டும். ஐம்பது மைல் ஓட்டிக்கொண்டு டோத்தனுக்குப் போய், பழம்பொருள் கடைகளில் மூன்றுமணி நேரம் தேடி, மஞ்சள் பூப்போட்ட நான்கு கோப்பைகளோடு திரும்பினாள்.

கோப்பை மஞ்சள் என்றானதும் மேசையின் திட்டமே மாறியது. ஊதாப்பூத் தட்டுக்கு அடியில் வெளிர்மஞ்சள் விரிப்பு, வேலியில் படர்ந்திருந்த மஞ்சள் கொடிரோஜா நடுவில், ஒவ்வொரு நாப்கினிலும் ஒரு வயலட் பூ. ஹோலிஸ் வாசற்படியிலேயே நின்று தலையை மட்டும் நீட்டிப் பார்த்தார்.

"இது என்ன, கப்புக்கு ரெண்டு காது? ஒரு காதுல சொன்னா இன்னொரு காதால விட்டுடுமா?"

"உன்னை மாதிரிதான்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு முதலில் ஓபல் வந்தாள். நீதிமன்ற அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் எழுத்தராக இருந்தவள். அங்கே வாயை மூடிக்கொண்டிருந்ததற்கெல்லாம் சேர்த்து ஓய்வுபெற்றபின் பேசிக்கொண்டிருக்கிறாள். பின்னாலேயே கொரீன் பச்சை உடையில், கைப்பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தாள். மேசையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். எவ்வளவு அழகு என்று அவள் மெதுவாகச் சொன்னதில் லவீனியாவுக்கு டோத்தன் போய்வந்த அலுப்பெல்லாம் தீர்ந்தது.

ஓபல் ஜெபம் சொல்லி முடித்தாள். சூப் வந்தது. கொரீன் இரண்டு பிடியையும் பிடித்துக் கோப்பையைத் தூக்கினாள். ஒரு துளி சிந்தவில்லை. லவீனியா அதற்குப் பிறகே தன் கோப்பையைத் தூக்கினாள்.

அப்போதுதான் ஓபல் தட்டின் இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள், நாப்கினைத் தூக்கியும் பார்த்தாள்.

"ஏண்டி லவீனியா, முள்கரண்டியெல்லாம் எங்க? திருடன் வந்து அள்ளிட்டுப் போயிட்டானா?"

இன்றைக்கு எல்லாம் கையால் சாப்பிடுகிற மாதிரிதான் செய்திருக்கிறேன், வசந்தகாலம் அல்லவா, பிக்னிக் மாதிரி இருக்கட்டுமே என்று லவீனியா எதையோ சொன்னாள். அவள் பிக்னிக் போகிற ரகம் இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

கொரீன் கோப்பையைக் கீழே வைத்தாள். மேசையை ஒருமுறை நிதானமாகச் சுற்றிப் பார்த்தாள். தடித்த டம்ளர், குட்டி சாண்ட்விச், இரண்டு பிடி வைத்த கோப்பை.

"எல்லாம் எனக்காகத்தானே?"

"இல்லடி," என்றாள் லவீனியா. பிறகு, "ஆமா. நீ வரணும்னுதான்."

"பீங்கான் உடையும்னு பயந்து நான் வராம இருக்கல. அன்னிக்குச் சொன்னது சும்மா ஒரு சாக்கு." கொரீனின் குரல் உயரவில்லை. "மூணு வருஷத்துக்கு முன்னாடி இதே நாற்காலியில உக்காந்து, என் மக மறுபடியும் கல்யாணம் பண்ணிக்கப்போறான்னு சொன்னேன். யார்கிட்டயும் சொல்லாம முதமுதல்ல உங்க ரெண்டு பேர்கிட்டதான் சொன்னேன். நீ என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா?"

லவீனியாவுக்கு ஞாபகம் இல்லை.

"என் கப்புல இருந்து காப்பி சிந்துச்சு, 'இரு, துண்டு எடுத்துட்டு வரேன்'னே. நான் பேசினது எதுவும் உன் காதுல விழல. கப்பைத் தூக்கினா கப்பைப் பாத்தே, வெச்சா சாஸரைப் பாத்தே. என் மூஞ்சிய நீ பாக்கவே இல்ல."

லவீனியாவுக்கு அந்த நாள் இப்போது நினைவுக்கு வந்தது. துண்டு எடுக்க ஓடியது நினைவிருந்தது. விரிப்பில் விழுந்த கறையின் வடிவம்கூட நினைவிருந்தது. கல்யாணச் செய்தியைக் கேட்டதாக மட்டும் நினைவில்லை. அழைப்பிதழ் வந்தபோது தபாலில்தான் தெரிந்துகொண்டோம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். அதில் தனக்குச் சின்ன மனத்தாங்கல்கூட இருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். கொரீன் விடவில்லை.

"காப்பி இருக்கா?"

"போடறேன்."

"போடு. அதுக்குன்னு இருக்கற கப்புல குடு. முள்கரண்டியும் கொண்டா, ஓபல் பாவம், கையால சாப்பிட்டா செத்துருவா."

லவீனியா காப்பி போட்டாள். அலமாரியைத் திறந்து முட்டை ஓடுபோல மெல்லிய ஊதாப்பூக் கோப்பைகள் மூன்றை எடுத்தாள். கொரீனுக்குக் குறைத்து ஊற்றலாமா என்று ஒரு கணம் கை நின்றது. மூன்றிலும் ஒரே அளவு ஊற்றினாள். உட்கார்ந்ததும் கேட்டாள்:

"உன் மருமகன் எப்படி? கல்யாணத்தைப் பத்தி முழுசாச் சொல்லு."

கல்யாணம் தொலைதூர ஆரெகன் மாநிலத்தில் ஓர் ஏரிக்கரையில் நடந்தது. இங்கேயிருந்து கொரீன் மட்டும்தான் போயிருந்தாள். அவள் கதையை ஆரம்பித்தாள், கோப்பையையும் தூக்கினாள். சாஸரில் அது தந்தியடிப்பதுபோல் தட்டுகிற சத்தம் லவீனியாவுக்குக் கேட்டது. கண் தானாகக் கீழே போகப் பார்த்தது. பிடித்து நிறுத்தி, கொரீனின் முகத்தில் வைத்தாள். பார்க்காமல் இருப்பது இவ்வளவு பாடு என்று அவள் நினைத்ததில்லை.

"கண்ணைச் சிமிட்டலாம்டி," என்றாள் கொரீன். "அதுக்கெல்லாம் தடையில்ல. போலீஸ்காரன் மாதிரி என் மூக்கையே பாத்துட்டிருக்கே."

லவீனியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன்பிறகு கொஞ்சம் சுலபமாயிற்று. கொரீனின் முன்பற்களுக்கு நடுவே இருந்த இடைவெளி, சிரிப்புக் கதை வரப்போகிறது என்றால் முன்கூட்டியே தூக்கிக்கொள்ளும் இடப்புருவம், காதோரம் புதிதாக நரைத்திருந்த கற்றை. இத்தனையையும் மூன்று வருஷமாகக் கவனிக்காமல் இருந்திருக்கிறாள். மாப்பிள்ளை போட்டோவுக்காகப் படகுத்துறைப் பலகையின் நுனியில் இன்னும் ஓரடி, இன்னும் ஓரடி என்று பின்னால் போய், கோட்டு சூட்டோடு ஏரிக்குள் விழுந்தாராம். மோதிரக் கை மட்டும் தண்ணீருக்கு மேலே நின்றதாம்.

"மோதிரம் தொலைஞ்சா எம்பொண்ணு உயிரோட விடமாட்டான்னு அவருக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு," என்றாள் கொரீன். "நல்ல மாப்பிள்ளைன்னு அந்த இடத்துலயே முடிவு பண்ணிட்டேன்."

ஓபல் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். சிரிப்பில் கொரீனின் கை இன்னும் ஆடி, வெளிர்மஞ்சள் விரிப்பில் காப்பி நன்றாகவே கொட்டியது. யாரும் எழுந்திருக்கவில்லை. ஈரம் லவீனியாவின் முழங்கைவரை வந்தது. அவள் முழங்கையை மட்டும் நகர்த்திக்கொண்டு, மாப்பிள்ளையை யார் இழுத்துக் கரையேற்றினார்கள் என்று கேட்டாள்.

அன்று நாலு மணிவரை பேசிக்கொண்டிருந்தார்கள். பிக்னிக் சாண்ட்விச்சை ஓபல் முள்கரண்டியால் குத்திக் குத்திச் சாப்பிட்டு, ருசி பரவாயில்லை என்றாள். கிளம்பும்போது லவீனியா வாசலில் கொரீனின் கையைப் பிடித்தாள். பிடித்தபின் அது நடுங்கவில்லை. துண்டைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள்.

"போதும் விடு," என்றாள் கொரீன். "சூப்புக்கு அந்தக் கப்பு நல்லாத்தான் இருக்கு. அதைத் தூக்கி உள்ள வெச்சிடாதே." படியிறங்கியவள் திரும்பினாள். "மே மாசம் என் வீட்ல. ரெண்டு பேரும் வெறுங்கையோட வாங்க. சீக்கிரமா வந்து மேசை போடறேன்னு ஆரம்பிச்சே, உள்ள விடமாட்டேன்."

மே மாதம் போனார்கள். கொரீன் தானே மேசை போட்டிருந்தாள். ஜாடி நிறைய நீல ஹைட்ரேஞ்சியா, வெள்ளைத் தட்டுகள், ஒன்றுக்கொன்று சேராத நாப்கின்கள். தட்டு ஒன்று காலையில் கீழே விழுந்து உடைந்துவிட்டதால் ஓபலுக்கு மட்டும் பேரனின் டைனோசர் தட்டு. ஓபல் அதைப் பெரிய மரியாதையாக எடுத்துக்கொண்டாள். தேநீர் பாத்திரத்தை யாரிடமும் தராமல் கொரீனே எல்லோருக்கும் ஊற்றினாள். சர்ச்சில் புதிதாக வந்திருக்கும் பாட்டுக்குழுத் தலைவருக்குச் சுருதி நிற்கிறதா இல்லையா என்று லவீனியாவுக்கும் ஓபலுக்கும் வாக்குவாதம் வந்தது. கொரீன் ஒரு தடவை இந்தப் பக்கம் சேர்ந்தாள், ஒரு தடவை அந்தப் பக்கம் சேர்ந்தாள். பொழுது போனது தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து லவீனியா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, ஹோலிஸ் அவள் பாவாடையைக் காட்டினார். முழங்காலிலிருந்து கீழே உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்புக் கறை, காய்ந்துபோயிருந்தது.

"என்ன இது?"

"டீ மாதிரி இருக்கு."

"யார் கொட்டினது?"

லவீனியா கறையைத் தொட்டுப் பார்த்தாள். யோசித்தாள். கொரீனாக இருக்கலாம். கையை வீசி வீசிப் பேசிய ஓபலாகவும் இருக்கலாம். தானேகூடக் கொட்டிக்கொண்டிருக்கலாம்.

"தெரியலையே," என்றாள்.