சாயம் போகாத சிவப்பு

சீசன் தொடங்கியபோது எங்கள் கால்பந்து கிளப்புக்கு வெள்ளைச் சட்டை. துவைக்கிறவள் நான், முதுகு ஒடிந்துவிடும். ஆனால் யாருக்கு எங்கே அடிபட்டது என்று டாக்டருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். கறையைப் பச்சைத் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டு நேரே போய் மேனேஜரிடம் சொல்வேன்.

என் தம்பி பின்வரிசை ஆட்டக்காரன். எந்தப் பந்து வந்தாலும் தலையைக் கொடுப்பான். 'சுவரு' என்றுதான் அவனைக் கூப்பிடுவார்கள்.

பாதி சீசனில், சட்டைக்குப் பணம் தரும் விளம்பரக் கம்பெனி மாறியது. புதுக் கம்பெனிக்காரர்களுக்குச் சிவப்புதான் வேண்டுமாம். "அழுக்கே தெரியாதும்மா, உனக்கு வேலை மிச்சம்," என்றார் மேனேஜர், என்னவோ எனக்கே பரிசு கொடுத்த மாதிரி.

சிவப்பில் ஆடிய முதல் ஆட்டத்திலேயே தம்பியும் எதிரணிக்காரன் ஒருவனும் தலையோடு தலை மோதிக்கொண்டார்கள். தம்பி எழுந்து சிரித்தான். மறுநாள் அவன் சட்டையை அலசினேன். வாளித் தண்ணீர் இளஞ்சிவப்பானது.

"புதுத் துணிம்மா, சாயம் போகும்," என்றார் மேனேஜர்.

அடுத்த ஆட்டத்துக்குப் பிறகும் போனது. எல்லோர் சட்டையையும் தனித்தனியாக அலசினேன். மற்றவர்கள் சட்டை அலசிய தண்ணீர் தெளிவாக நின்றது. தம்பி சட்டையின் இடது கை மட்டும் சாயம் விட்டது.

வீட்டில் அவனைப் பிடித்தேன். "சட்டைக் கையில மூக்கைத் தொடச்சியாடா?"

"ரெண்டு சொட்டுதான்க்கா. யார்கிட்டயும் சொல்லிடாத. உக்கார வெச்சுட்டா என் இடம் போயிடும்."

"இடம் போனா வேற இடம். தலை போனா வேற தலை வாங்கித் தருவாரா உன் மேனேஜரு?"

சிரித்தான், பாவி.

வாளியைத் தூக்கிக்கொண்டு போய் மேனேஜர் மேசைமேல் வைத்தேன். எட்டிப் பார்த்தார். "சாயம்னு அன்னைக்கே சொன்னேனே."

"சாயம் ஒரு கையில மட்டும் போகுமா சார்? அது அவன் ரத்தம்."

"நீ துவைக்கிற வேலையப் பாரும்மா. இந்த ஞாயித்துக்கிழமை மட்டும் ஆடட்டும், அப்புறம் டாக்டர்கிட்ட காட்டலாம்."

ஞாயிற்றுக்கிழமை கார்னர் பந்துக்குத் தலையைக் கொடுத்தான். விழுந்தவன் எழவே இல்லை.

கடைசி ஆட்டத்துக்கு, அவன் நினைவாகக் கறுப்புச் சட்டை வந்தது. அவசரத்துக்கு வாங்கிய மட்டத் துணி. ஆட்டம் முடிந்ததும் மேனேஜரே மூட்டையைக் கொண்டுவந்து இறக்கினார். என் முகத்தைப் பார்க்காமல் அங்கேயே நின்றார்.

தம்பியின் எண் போட்ட சட்டையை யாரும் போடவில்லை. மடிப்புக் கலையாமல் கிடந்தது. அதை எடுத்து வாளியில் முக்கினேன். தண்ணீர் கறுத்தது. கொட்டிவிட்டு வேறு தண்ணீர் பிடித்தேன், அதுவும் கறுத்தது.

வாளியை நகர்த்தி அவர் காலடியில் வைத்தேன்.

"நல்லாப் பாத்துக்குங்க சார். இதுதான் சாயம்."